ஆறிய கஞ்சி

அன்போடு நீட்டப்படும் ஒரு தம்ளர் ஆட்டுக்கால் சூப்பை வேண்டாமென்று மறுக்க ஒரு நோயாளிக்கு உரிமை உண்டா? பட்டம் பெற்ற புதிதில் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால், இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரித்திருப்பேன். செஞ்சியில் நான் வாழ்ந்த அறுபதுகளின் நடுப்பகுதியில், ஒரு கோடை நாளில், மூன்று கம்பளிகளுக்கு அடியில் கிடந்த ஒரு பெண்ணின் கட்டிலருகே நின்றபோதுதான் அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரிந்தது. சூப்பு வைத்தவரும் அந்த அறையில்தான் நின்றார். அவருடைய அன்பில் ஒரு துளிகூடப் பொய் இல்லை.

அப்போது நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முக்கிய சேவிகாவாகச் சேர்ந்திருந்தேன். கிராமங்களுக்குச் சென்று பெண்களிடம் சத்துணவைப் பற்றியும் குழந்தை வளர்ப்பைப் பற்றியும் பேசுவது என் வேலை. தங்க இடம் தேடியபோது, ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் பின்னறை கிடைத்தது. முன்னறையில் தட்டச்சு இயந்திரங்கள், நடு அறையில் நிலையத்தை நடத்தியவர், பின்னறையில் நான். ஊர் அவரை டைப்பு டீச்சர் என்றது. நான் அக்கா என்று அழைத்தேன். முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார், மணமாகாதவர். செஞ்சிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பரம்பரையாக நிலம் உழும் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. அண்ணன் அங்கே கடலையும் நெல்லும் பயிரிட்டுக்கொண்டிருந்தார்.

அவரை நினைத்தால் முதலில் மனத்தில் எழுவது ஒரு காத்திருப்பு. கேழ்வரகுக் கஞ்சியை அகன்ற மண்சட்டியில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு எதிரே அமர்ந்திருப்பார். ஆவி அடங்கும். அதன் பின்னும் காத்திருப்பார். பிறகு, கைக்குழந்தைக்குப் பால் பதம் பார்க்கும் தாயைப் போல, மணிக்கட்டின் உட்புறத்தைச் சட்டியின் விளிம்பில் வைத்துப் பார்ப்பார்.

"விரலால தொட்டுப் பார்க்கக் கூடாதா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"விரலு பொய் சொல்லுதும்மா. கொதிக்கிறதத் தொட்டாலும் ஒண்ணும் இல்லன்னுது. மணிக்கட்டுதான் இன்னும் உண்மை பேசுது."

வெண்ணெய் எடுத்த மோர், எண்ணெய் படாமல் வேகவைத்த கீரை, குழம்பில் கிடந்தாலும் மசாலாவும் எண்ணெயும் நீங்கக் கழுவி எடுத்த ஏரிமீன், வெள்ளரி, கொய்யா. இவைதான் அவருடைய உணவு. நெய், ஆட்டிறைச்சி, வடை, பலகாரம் எதுவும் அவர் அறைக்குள் நுழைந்ததில்லை. விடியற்காலை வெயில் ஏறும் முன் சக்கரக்குளம் வரை நடந்துவிட்டு வருவார். வகுப்புகள் காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டுமே. நடுப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிப் படுத்திருப்பார். களைத்த பிறகு ஓய்வெடுப்பது அவர் வழக்கமன்று. களைப்பதற்கு முன்பே ஓய்ந்துவிடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே, "மிச்சத்த சாயங்காலம் சொல்றேன்" என்று எழுந்து போய்விடுவார். இதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொண்டவர்கள் ஊரில் பலர்.

மாணவர்கள் வருவதற்கு முன் நாள்தோறும் ஒரு தாளைச் செருகி, விசைப்பலகையின் நடுவரிசை எழுத்துகளை மட்டும் அடிப்பார். எந்த எழுத்து மங்கலாக விழுகிறதோ, அந்த விரல் அன்று தூங்குகிறது என்று பொருள். பார்த்த பின் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் நான் அந்தத் தட்டொலியைக் கேட்டே அவருடைய நாளை ஓரளவு கணிக்கப் பழகியிருந்தேன். ஒலி சீராக இருந்தால் எனக்கும் நிம்மதி. தடுமாறினால் வெளியே போய் எதுவும் கேட்காமல் குடத்தில் தண்ணீர் நிரப்பி வைப்பேன்.

அவர் மதராஸில் ஒரு கம்பெனியில் தட்டச்சராக இருந்தபோது ஒரு கண் திடீரென மங்கியது. சில வாரங்களில் தெளிந்தது. பிறகு கால் மரத்தது, அதுவும் தெளிந்தது. வருவதும் போவதுமாக இருந்ததால் வேலை செய்யப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்றார்கள். கடைசியில், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஒரு நரம்பு மருத்துவர் நோயைக் கண்டறிந்து பெயர் சொன்னார்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே பழுதுபடும் நோய். நம் நாட்டில் இதை அரிதாகவே பார்க்கிறோம், குணப்படுத்தும் மருந்து இல்லை என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கொழுப்பைக் குறைத்துப் பார்க்கலாம், சிலருக்கு உதவுவதாகச் சொல்கிறார்கள், உறுதியில்லை. உடம்பைச் சூடாக விடாதே, அது உறுதி.

"கொணமாவும்னு இல்லம்மா" என்பார் அக்கா. "நாளைக்கி நானா எழுந்து நிக்கணும். என் ரூமு, என் மிஷினு, என் சட்டி. அவ்ளோதான் கேக்குறேன்."

கேட்டது அவ்வளவுதான். ஆனால் செஞ்சியில் அதைக் கேட்பது எளிதாக இல்லை. கோட்டைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவெல்லாம் திருப்பிக் கொடுக்கும் ஊர் அது. அதைவிடக் கடினம், கால் விளங்காத நோய் எதுவானாலும் மக்களுக்கு அது வாதம். வாதம் என்றால் குளிர்ச்சி; குளிர்ச்சிக்கு மருந்து சூடு. வெந்நீர், ஒத்தடம், மிளகு, ஆட்டுக்கால். நூறு வீட்டில் பலித்த வைத்தியம் இவருக்கு மட்டும் பகையாகும் என்று யார் நம்புவார்கள்? பச்சைத் தண்ணீரில் குளித்து, ஆறின கஞ்சியைக் குடித்து, இந்தப் பெண் தானாகத் தன் காலைக் கெடுத்துக்கொள்கிறாள் என்றே தெரு முழுவதும் நினைத்தது.

நான் குடிவந்த முதல் பொங்கலன்று, எதிர்வீட்டு அம்மாள் ஒரு தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். நெய் மேலே மிதந்தது.

"டீச்சரம்மா, சுடச்சுட ஒரு வாய் சாப்டு. காலுக்குத் தெம்பு வரும்."

"எனக்கு ஆவாதும்மா. தப்பா நெனைக்காதீங்க."

"வருஷத்துக்கு ஒருநாளு பொங்கலு கூடவா ஆவாது?"

"ஆவாதும்மா."

அந்த அம்மாள் சட்டியை என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கினார். தெருவில் நின்று, எங்களுக்குக் கேட்கும்படியாகவே பக்கத்து வீட்டாரிடம் சொன்னார்: "வேதக்காரங்களுக்கு நம்ம பொங்கலு எறங்குமா? கோட்ட ராணி கணக்கா ஒக்காந்துனு வாணாம்னுது."

அது மதக் காரணம் அன்று என்பது எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குத் தம் சொந்த அண்ணி கொண்டுவந்த கறிக்குழம்பையும் அக்கா இப்படித்தான் திருப்பி அனுப்பியிருந்தார். கிராமத்தில் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள்: டவுன் திமிர். நம் ஊர்களில் உறவு என்பது பெரும்பாலும் பாத்திரங்களின் வழியாகவே நடக்கிறது. நிறைந்து வரும் பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்று பார்க்கிறவர்கள் நாம். நிறைந்தபடியே திரும்பினால் அதை எந்த நாகரிகத்தில் சேர்ப்பது? தம் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள அக்கா கொடுத்துக்கொண்டிருந்த விலை எனக்கு மெல்லத்தான் விளங்கியது.

"வாங்கி வச்சுக்கிட்டு யாருக்காவது கொடுத்துடலாமே அக்கா. மனசாவது நோகாது" என்றேன்.

"வாங்குனா நாளைக்கி இன்னும் ரெண்டு கரண்டி நெய்ய ஊத்தி எடுத்துனு வருவாங்க. நல்லா இருந்துச்சான்னு கேப்பாங்க. இருந்துச்சுன்னு சொல்லணும். பொய்ய ஞாபகம் வச்சுக்கறதுக்கும் தெம்பு வேணும்மா. எனக்கு இருக்கற தெம்பு நிக்கறதுக்கே சரியாப் போவுது."

பிறகு சிரித்தார். "நீ ஊர் ஊராப் போயி நெய்யி சாப்டு, முட்ட சாப்டுன்னு சொல்றே. உன் புள்ளத்தாச்சிங்களுக்கு அது சரி. என்னக் கண்டு பாடத்த மாத்திறாத."

பொழுது சாயும் வேளையில் அவர் தனியே சாப்பிடுவார். அந்த நேரத்தில் தெருவின் எல்லா வீடுகளிலும் உலை கொதித்துக்கொண்டிருக்கும். தாளிக்கும் வாசனை வரும். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, போதும் போதும் என்ற குரல்கள் கேட்கும். அவர் சட்டியைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். அமாவாசையன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள் கூட்டம் பிதுங்கச் செல்லும். குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்று மூட்டைகளோடு போகிறவர்களை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு ஒருநாள், "கூட ஒக்காந்து சாப்பிடாதவள யாரும்மா கூட வச்சுக்குவாங்க?" என்றார். அதில் புகார் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

விடாமல் வந்துகொண்டிருந்தவர் அண்ணி ஒருவர்தான். சந்தை நாளில் கிராமத்திலிருந்து சூப்பு நிறைந்த தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். துணி சுற்றிய சட்டி, செஞ்சியில் இறங்கும்போதும் சூடாக இருக்கும். அக்கா மறுப்பார். அண்ணி திட்டுவார், அழுவார், சட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போவார். மறு சந்தைக்கு மீண்டும் வருவார். தாயில்லாமல் வளர்ந்த நாத்தனாருக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர். ஊமையாகிவிட்ட ஒரு பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருப்பவரைப் போல அந்தச் சூப்பைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் அண்ணன் வந்தார். அதிகம் பேசாத மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தட்டச்சு இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சின்னவனுக்குப் புதுநன்மை. வந்துடு. வந்தா அங்கியே இருந்துடு. இத்த மூடிடலாம்."

"ஏண்ணா?"

"நீ தனியாக் கெடந்து விழுந்து வச்சா ஊரு என்ன கேக்காது? அண்ணியும் தெனம் அழுவுறா. ஒரு ரூமு ஒழிச்சு வச்சிருக்கேன். கட்டிலும் போட்டாச்சு."

அவர் போன பிறகு அக்கா இயந்திரங்களுக்கு உறை போட்டார். அந்தக் கட்டிலுக்கு அவர் அஞ்சினார் என்பது எனக்குத் தெரியும். அன்பான வீடு, ஆனால் அங்கே அவருடைய சட்டி இருக்காது. சூடான சோறும் வெந்நீரும் மூடிய ஜன்னலும் இருக்கும். மறுக்க மறுக்க ஊட்டுவார்கள். சில மாதங்களில் அவரால் எழுந்து நிற்க முடியாமலாகும். அப்போது, நல்லவேளை இங்கே கொண்டுவந்தோம் என்பார்கள். இருந்தாலும், அண்ணன் மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த விழாவுக்குப் போவதென்றே முடிவு செய்தார். "போயிட்டு வந்துடலாம். நீயும் வாம்மா" என்றார்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் சென்றோம். மறுநாள்தான் விழா. வீடு உறவினர்களால் நிறைந்திருந்தது. அண்ணி எங்களைக் கண்டதும் ஓடிவந்து அக்காவின் கன்னத்தைத் தடவினார். கொல்லைப்புறத்தில், நொச்சித் தழை போட்ட பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் காய்ச்சிய நல்லெண்ணெய்.

"ஒரே ஒரு தபா குளிச்சுப் பாரு கண்ணு. ஒரு தபா. ஒன்னும் ஆவலன்னா, அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

"அண்ணி, எனக்குச் சூடு..."

"எங்க வூட்டுச் சோறு ஆவாது. சூப்பு ஆவாது. தண்ணி கூடவா ஆவாது? நான் அவ்ளோ அன்னியமாப் பூட்டேனா?"

சுற்றியிருந்த பெண்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தனர். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கி ஒருநாளு போவட்டும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு எழுந்தார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். அவர் பார்க்காததைப் போல நடந்தார்.

குளித்து முடிக்கும் முன்பே கால்கள் மடிந்துவிட்டன. இரண்டு பெண்கள் தூக்கிவந்து அந்தப் புதிய கட்டிலில் கிடத்தினார்கள். "கண்ணு தெரியல" என்றார், நாக்கு குழறியது. வீடே கூச்சலிட்டது. வாதம் தலைக்கு ஏறிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். கம்பளிகளைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். கட்டிலுக்கு அடியில் கரிச்சட்டி வைத்தார்கள். "சாமியாரக் கூட்டினு வாங்க, அவஸ்த பூசட்டும்" என்று, சாகும் நேரத்தில் பூசும் எண்ணெய்க்காக யாரோ ஓடினார்கள். அண்ணி ஒரு தம்ளர் சூப்பை அவர் உதட்டில் வைத்தார்.

அக்கா தலையைத் திருப்பினார். சூப்பு கம்பளியில் சிந்தியது. "பச்சத் தண்ணி... ஊத்துங்க" என்று முனகினார்.

"ஜன்னி கண்டுடுச்சு. பெனாத்துது" என்றார் ஒரு கிழவி.

"பெனாத்தல" என்றேன். "தினமும் அவங்க செய்யறதத்தான் சொல்றாங்க. சூடு பட்டா இப்படி ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்கார். குளிர்ந்தாத் தெளியும்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கோபத்தைவிட அச்சமே மிகுதியாக இருந்தது.

"ஜன்னியில பச்சத் தண்ணி ஊத்துனா செத்துப்பூடும். செத்தா யாரு பதில் சொல்றது? நீயா சொல்லுவ?"

மருத்துவர் சொன்னதாக எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா சொன்னதுதான். அது உண்மையென்றே நம்பினேன். ஆனால் ஓர் உயிரைப் பந்தயமாக வைக்கும் அளவுக்கு நம்புகிறேனா என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"நான் சொல்றேன், அண்ணி." ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார். "என் ஒடம்புக்கு... நானே பதில் சொல்றேன். அண்ணா. கெணத்துத் தண்ணி."

அதுவரை வாசலில் நின்றிருந்த அண்ணன் உள்ளே வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கம்பளிகளை உருவி எறிந்தார். கரிச்சட்டியைக் காலால் வெளியே தள்ளினார். தங்கையை ஒரு குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடிக் கல்லில் சாய்த்து, தாமே இறைத்து இறைத்து ஊற்றினார். நான் பின்னாலிருந்து தோளைத் தாங்கிக்கொண்டேன். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். சாமியார் வந்து சேர்ந்தபோது, அக்கா மரத்தடியில் ஈரப் புடவையோடு கண்மூடிக் கிடந்தார். சாமியார் ஜெபித்துவிட்டு ஒன்றும் புரியாமல் நின்றார்.

வெயில் சாயத் தொடங்கியபோது அக்கா கண்ணைத் திறந்து, "அண்ணன் தலையில எவ்ளோ நரை" என்றார். பார்வை திரும்பியிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் என் தோளையும் சுவரையும் பற்றிக்கொண்டு எழுந்து நின்றார்.

அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை. அக்கா அங்கே போய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, கொஞ்சம் கஞ்சி ஊத்து. ஆறட்டும், அப்புறமாக் குடிக்கிறேன்."

அண்ணி ஒரு சட்டியில் கஞ்சியை ஊற்றி, முகம் பார்க்காமல் தரையில் வைத்தார். "நான் சாகடிக்கப் பாத்தேன்னு ஊரு பேசுது" என்றார்.

"நான்தானே குளிச்சேன்."

"நீ எனக்காவக் குளிச்சே. அதுதான் எனக்குத் தாங்கல."

அக்கா அந்த நிலைப்படியிலேயே அமர்ந்து கஞ்சி ஆறும்வரை காத்திருந்தார். அண்ணி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கோயிலில், கதவோரம் காற்று வரும் இடத்தில் அக்கா அமர்ந்து, வெள்ளைச் சட்டையில் அந்தப் பையன் முதன்முதலாக நன்மை வாங்குவதைப் பார்த்தார். திங்கட்கிழமை விடியற்காலையில் அண்ணனே வண்டி கட்டிக் கொண்டுவந்து எங்களைப் பஸ் ஏற்றிவிட்டார். கட்டிலைப் பற்றியோ, நிலையத்தை மூடுவதைப் பற்றியோ அவர் பேசவில்லை. பஸ் புறப்படும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உன் ரூமுல இரு" என்று மட்டும் சொன்னார்.

ஆக, அக்கா வென்றுவிட்டார். அறையும் இயந்திரங்களும் சட்டியும் அவருக்கே கிடைத்தன. ஆனால் அந்தச் செய்தி எங்களுக்கு முன்பே செஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தது. வெந்நீர் ஊற்றினால் விழுந்துவிடுகிற பெண். கொடுத்த கை பழிக்கு ஆளாகும் வீடு. எதிர்வீட்டு அம்மாள் எங்கள் வாசலைக் கடக்கும்போது கையிலிருந்த பாத்திரத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அடுத்த சந்தை நாளில் அக்கா ஜன்னலோரம் வழக்கத்தைவிட அதிக நேரம் அமர்ந்திருந்தார். மேற்கிலிருந்து பஸ் வந்தது. சந்தைக்கு வந்தவர்கள் இறங்கினார்கள்; அண்ணி இறங்கவில்லை. பஸ் காலியாகத் திரும்பிச் சென்றது. இனி மறுக்க வேண்டியதில்லை.

"நிம்மதியா இருக்குதும்மா" என்றார். சற்று நேரம் கழித்து, "சட்டிய மடியிலியே வச்சினு வருவாங்க. தொடையெல்லாம் செவந்து போயிருக்கும்" என்றார்.

மறுநாள் காலை சுவருக்கு அப்பால் தட்டொலி சீராகக் கேட்டது. எந்த விரலும் தூங்கவில்லை.

அந்தக் கோடைக்குப் பிறகு எவரும் தூக்குச்சட்டியோடு அந்தப் படியேறவில்லை. எனக்கு மாற்றல் வரும்வரை, பொழுது சாயும்போது என் கஞ்சியை எடுத்துக்கொண்டு நான் நடு அறைக்குப் போனேன். இரண்டு சட்டிகளும் ஆறும்வரை நாங்கள் எதிரெதிரே அமர்ந்திருந்தோம்.